அப்பா வந்தால் சிவப்பு

என் அண்ணி முதலில் வீட்டைவிட்டுத் துரத்தியது நான்ஸ்டிக் சட்டியை. அடுத்து பிளாஸ்டிக் டப்பாக்கள் போயின. அப்புறம் கொசுவத்தி, தரை துடைக்கும் திரவம், முகப் பவுடர், மெழுகு பூசிய ஆப்பிள். வரிசையாக எல்லாம் போய் முடிந்து, கடைசியில் எங்கள் அப்பாவின் முறை வந்தது.

இதை நான் கோபத்தில் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

அண்ணி கெட்டவள் இல்லை. வங்கியில் பணம் வாங்கும் கவுன்ட்டரில் உட்கார்ந்து கள்ள நோட்டைக் கண்டுபிடிப்பதில் பேர் எடுத்தவள். ஒரு விடுமுறையில் ‘நஞ்சில்லா இல்லம்’ என்று யாரோ நடத்திய முகாமுக்குப் போனாள். போகும்போது மனுஷியாகப் போனவள், திரும்பும்போது பிரச்சாரமாக வந்தாள். அவள் சொன்னதில் பாதி சரிதான், அதை மறைக்கக் கூடாது. பூச்சு உரிந்த சட்டியில் சமைக்காதே என்றாள், சரி. கழிவறைக்கு ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டாதே, மூச்சை அடைத்துவிடும் என்றாள், அதுவும் சரி. நான் அழகு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களின் தலைக்கெல்லாம் வெறும் கையால் சாயம் பூசிப் பூசி என் விரல் நுனிகள் வெடித்துக் கிடந்தன. கையுறை போடு, கையுறை போடு என்று சொல்லிச் சலித்து, தானே ஒரு பெட்டி வாங்கிக் கையில் கொடுத்தவள் அண்ணிதான். இன்றைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மீதிப் பாதிதான் தொல்லை. அந்த வீட்டில் அடுப்புக்கு ஓய்வு கிடைத்தது, பல்லுக்கு வேலை கூடியது. முளைகட்டிய பயறு, பச்சைக் கேரட், தண்ணீருக்கும் தனக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு சூப். அப்பாவுக்கு வாயில் மிச்சமிருப்பதே நாலைந்து பல். அவர் கேரட்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு உருட்டி, அண்ணி தலையைத் திருப்பும் நேரம் பார்த்துக் கைக்குட்டைக்கு மாற்றுவார். கேட்டால், “நல்லா இருக்கும்மா, மெல்லத்தான் கொஞ்சம் நேரம் ஆகுது” என்பார்.

அண்ணன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். அவன் ரூம் ஃப்ரெஷ்னர் கம்பெனியில் விற்பனை மேலாளர். ஊர்க் கழிவறைகளை எலுமிச்சையும் ரோஜாவுமாக மணக்க வைப்பது அவன் பிழைப்பு. ரசாயனம் விற்ற சம்பளத்தில்தான் ரசாயனமில்லாத அந்த வீடு நடந்தது. ஆள் கெட்டிக்காரன். மாலையில் கம்பெனியிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். மதியம் வெளியில் பொரித்த கோழியை ஒரு கை பார்த்திருப்பான், இரவில் பயறு போதும் என்று தியாகி மாதிரி எழுந்துவிடுவான். நான் அண்ணியைப் பற்றிக் குறை சொன்னால் கண்ணைச் சிமிட்டுவான். “அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு, விடு பாப்பா. நான் அதுலயெல்லாம் தலையிடறதில்ல.”

பாவம், பொண்டாட்டிக்குப் பயந்த வாயில்லாப் பூச்சி என்றுதான் நானும் நினைத்தேன்.

பிறகு மீட்டர் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. காற்றில் ரசாயன ஆவி இல்லையென்றால் பச்சை விளக்கு, இருந்தால் மஞ்சள், அதிகமானால் சிவப்பு எரிந்து கீச்சென்று கத்தும். அண்ணி அதைச் சாப்பாட்டு மேஜையில் நடுநாயகமாக வைத்தாள். வீட்டுக்குள் வருகிறவர்கள் முதலில் அதன் முன்னால் நிற்க வேண்டும். பச்சை வந்தால் உட்காரலாம். நான் போனால் என் தலையிலிருந்த ஸ்ப்ரேவுக்கு அது ஊரைக் கூட்டும். பால்கனியில் ஒரு ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்து, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணி நலம் விசாரிப்பாள்.

நான் எப்போதாவது போகிறவள், பால்கனியோடு போயிற்று. அப்பா அங்கேயே இருக்கிறவர். வாழ்நாள் முழுக்க வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். வயதான பிறகும் அக்கம்பக்கத்தில் ஒரு கேட், ஒரு அலமாரி என்று கைவேலை செய்துகொண்டிருந்தார். மீட்டர் அவரைப் பார்த்துக் கத்தியதும் அதையும் விட்டார். பிரஷ்களைத் தெரிந்த ஒருவருக்குக் கொடுத்தார். பழைய சட்டைகளைத் தூக்கிப் போட்டார். காலையும் மாலையும் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். எள் என்றால் எண்ணெயாக நின்றார் மனிதர். அப்படியும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி அவர் அறையில் மீட்டரை நீட்டினால், சிவப்பு.

“இத்தனை வருஷப் பெயிண்ட் மாமா ரத்தத்துலயே ஊறிப்போச்சு. அதான் மூச்சுல வருது” என்று அண்ணி தீர்ப்புச் சொன்னாள்.

அப்பா அதன் பிறகு மேஜையில் சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். தன் மூச்சே பிறருக்கு விஷம் என்று நம்பிவிட்ட மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா?

அந்த அறையில் இன்னொன்றும் இருந்தது. கடைத் திரவத்தைத் துரத்திய அண்ணி, தரை துடைக்கத் தானே ஒன்று தயாரித்தாள். பழத்தோலையும் சர்க்கரையையும் தண்ணீரில் போட்டு மாதக்கணக்கில் புளிக்க விடுவது. வெளிச்சம் படக் கூடாது என்பதால் அந்தக் கண்ணாடி ஜாடிகள் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் குடியிருந்தன. தினமும் மூடியைத் திறந்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றாவிட்டால் ஜாடி வெடித்துவிடும். அந்தப் பொறுப்பு அப்பாவுக்கு. சாயங்காலக் குளியல் முடிந்ததும் கட்டிலடியில் குனிந்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து மூடுவார். அப்புறம் சாப்பாடு. அப்புறம் மீட்டர்.

உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். இரண்டு பட்டதாரிகள் இருந்த அந்த வீட்டில் விளங்கவில்லை. அண்ணியைப் பொறுத்தவரை பழத்தோல் இயற்கை, இயற்கைக்கும் மீட்டருக்கும் ஆகாமல் போக வழியே இல்லை.

ஒருநாள் அண்ணன் போன் செய்தான். “அப்பாவுக்கு ஒரு இடம் பார்த்திருக்கேன் பாப்பா. ஊருக்கு வெளிய, வயசானவங்க தங்கற இடம். சுத்தி மரம், நல்ல காத்து. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்.”

“அண்ணி சொன்னாங்களா?”

“மீட்டர் சொல்லுதே, நான் என்ன பண்ண?”

ஞாயிறு காலையில், தலைக்கு ஸ்ப்ரேகூட அடிக்காமல், ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடும் ஒரு மூட்டைக் கோபத்தோடும் போய் நின்றேன். அண்ணன் காருக்கு எரிபொருள் போடப் போயிருந்தான். அண்ணி வழக்கம்போல் பால்கனியைக் காட்டினாள். “நீங்க போய் உக்காருங்க பால்கனியில” என்று சொல்லிவிட்டு நேராக அப்பாவின் அறைக்குள் போனேன். பையைக் கட்டி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாயை மூடக் கை தானாக மேலே போனது. அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

வேறென்ன செய்வது என்று தெரியாமல் ஒரு ஆரஞ்சை உரித்தேன். கீச் என்று ஒரு சத்தம். மீட்டரைக் கையில் பிடித்தபடி அண்ணி என் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள்.

“என்னத்தப் பூசிட்டு வந்த நீ?”

“பூசல. உரிச்சேன்.”

அண்ணியின் முகம் மாறியது. சந்தேகப்பட்ட நோட்டை விடாமல் திருப்பித் திருப்பிப் பார்க்கும் வங்கிக்காரி அல்லவா? தோலை வாங்கி மீட்டர் பக்கத்தில் பிடித்தாள், சிவப்பு. ஜன்னலுக்கு வெளியே வீசிவிட்டுப் பொறுத்துப் பார்த்தாள், விளக்கு மெல்ல இறங்கியது. இன்னொரு பழத்தை அவளே உரித்தாள், மறுபடி சிவப்பு. அப்புறம் அவள் கண் கட்டிலுக்கு அடியில் போனது. மண்டியிட்டு ஒரு ஜாடியை இழுத்து மூடியைத் திறந்தாள். மீட்டர் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் பதில் குரைத்தது.

ஜாடிகளையெல்லாம் அவளே பால்கனிக்குத் தூக்கிப் போனாள். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அறை பச்சைக்கு வரும்வரை காத்திருந்தாள். பிறகு மீட்டரை அப்பாவின் வாய்க்கு நேராக நீட்டி, “ஊதுங்க மாமா” என்றாள். போலீஸ்காரரிடம் மாட்டிய டிரைவர் மாதிரி அப்பா பயந்து பயந்து ஊதினார். பச்சை. “இன்னும் நல்லா ஊதுங்க.” பச்சைதான்.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நடிப்பில்லை. மூக்கு சிவக்க, தோள் குலுங்க அழுதாள். “உங்களைத் தனியா உக்கார வெச்சுச் சாப்பிட வெச்சேனே மாமா.”

“அட, விடும்மா. அந்தப் பெட்டிக்கு என்ன தெரியும்” என்றார் அப்பா. எத்தனையோ நாளைக்குப் பிறகு வாயை மூடாமல் பேசினார்.

எனக்கு அண்ணிமேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தப்பான கணக்கை ஒத்துக்கொள்ள அவளுக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. அவளே பையைப் பிரித்து, அப்பாவின் சட்டைகளை அலமாரியில் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள்.

அண்ணன் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தான். அண்ணி ஓடிப்போய் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். “பாத்தியா? நான் அப்பவே நினைச்சேன்.” அப்புறம் அலமாரியில் அடுக்கிய சட்டைகளைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

“சரி, அது சரி. ஆனா அங்க எல்லாம் பேசியாச்சே.”

“பேசினா என்னங்க? வேண்டாம்னு சொல்லிடலாம்.”

“அதில்ல. அங்க டாக்டர் வர்றாரு. பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கு. இங்க நாம ரெண்டு பேரும் கிளம்பிட்டா அப்பா தனியாத்தானே இருக்காரு?” குரலை இறக்கினான். “தவிர, இந்த ரூம்ல எனக்கு ஆபீஸ் மாதிரி போட்டுக்கலாம்னு மேஜைக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு வருது.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி பச்சை விளக்கே காட்டிவிட்டது. இத்தனை நாளும் நான் அண்ணியைத் திட்டிக்கொண்டிருக்க, அவள் பின்னால் நின்று எதிலும் தலையிடாமல் காரியத்தை முடித்துக்கொண்டிருந்தவன் என் கூடப்பிறந்தவன். அந்த வெள்ளைப் பெட்டியைத் தூக்கி அவன் தலையில் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

“அப்பா, எந்திரிங்க. என் வீட்டுக்குப் போலாம்” என்றேன். என் வீடு ஒரே அறை. சாயங்காலமானால் கொசுவத்தி புகையும், சட்டியில் பூச்சு உரிந்திருக்கும், என் தலை ஸ்ப்ரே வாசனை மூலை முடுக்கெல்லாம் இருக்கும். ஆனால் சாப்பாட்டை யார் வந்தாலும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம்.

“வர்றேம்மா” என்றார் அப்பா. மறுபேச்சே இல்லை. அலமாரியிலிருந்த சட்டைகளைத் தானே எடுத்து மறுபடி பையில் வைத்தார். பையை நான் வாங்கிக்கொண்டேன். வாசல் வரை வந்தவர், மேஜைப் பக்கம் நின்றிருந்த அண்ணனிடம் திரும்பினார்.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. என்னை அனுப்பணும்னு நீயா நினைச்சியா, இல்ல அந்த மீட்டர் சொன்னதாலயா?”

அண்ணன் கார்ச் சாவியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

அப்பா, சின்ன வயதில் அவனுக்குக் கணக்குப் பாடத்தில் விடையை எடுத்துக் கொடுக்கும் அதே குரலில் சொன்னார்: “மீட்டர் சொன்னதாலதான்னு சொல்லுடா. எனக்கு அது போதும்.”

“ஆமாப்பா” என்றான் அண்ணன். “மீட்டர் சொன்னதாலதான்.”

அப்பா தலையாட்டிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

“அது பச்சையாத்தானே இருக்கு” என்றாள் அண்ணி, ஒன்றும் புரியாமல்.