விலங்கியல் என்றே வாசியுங்கள்

மூன்று வாரமாக இட்டிச்சன் மகளிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் மனைவி ஏலியம்மா வழியாகவே சொல்லியனுப்பினார். மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்தும், ஷெரின் அதை வேண்டாமென்று விட்டு, எர்ணாகுளத்துக் கல்லூரியில் விலங்கியல் எடுத்திருந்தாள். சேர்க்கைக்கு அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டும். செவ்வாய்க்கிழமை கடைசி நாள். "புளிமூட்டில் வீட்டுக்காரன் அந்தக் கையெழுத்தைப் போடமாட்டான்" என்று தன் வீட்டுப் பெயரைச் சொல்லியே இட்டிச்சன் மறுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் கேரளத்தின் பாலா ஊர்ப் பக்கத்து வழக்கப்படி பங்குக் கோவிலைச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பாராட்டு நடந்தது. டாக்டருக்குப் படிக்கப் போகிறவர்களுக்குப் பொன்னாடை, மற்றவர்களுக்குப் பேனா. பங்குச் சாமியாரான அச்சன் பட்டியலை வாசித்தார்.

"ஷெரின் இட்டி, புளிமூட்டில். எம்.பி.பி.எஸ்."

கைதட்டல் எழுந்தது. ஷெரின் இருந்த இடத்திலேயே தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இட்டிச்சன் பக்கத்திலிருந்த மைத்துனன் பாப்பச்சனைப் பார்த்தார்.

"நான்தான் எழுதிக் கொடுத்தேன், அளியா" என்று அவன் கிசுகிசுத்தான். "வெளியில எப்படிச் சொல்றது? அடுத்த வருசம் மறுபடி பரீட்சை எழுதவெச்சு டாக்டராக்கிடலாம். இப்ப பேசாம பொன்னாடையை வாங்கிக்கட்டும்."

இட்டிச்சன் எழுந்தார். பாப்பச்சன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"அச்சன் மன்னிக்கணும். அது தப்பு. என் மக விலங்கியல் படிக்கப் போறா. அப்படியே வாசிங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "தவளை பிடிக்கவா, இட்டிச்சா?"

"தவளைதான்டா! மழையில வரப்புல நின்னு, சத்தத்தை வெச்சே எந்தத் தவளைன்னு சொல்லுவா. உன் மகனுக்குக் கோழிக்கும் வாத்துக்கும் வித்தியாசம் தெரியுமா?" கோவில் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "டாக்டர் சீட்டு கையில இருந்தும் வேண்டாம்னவ இவ. இந்தப் பங்குல இன்னொருத்தர் இருந்தா எழுந்து நில்லுங்க."

யாரும் எழவில்லை. அச்சன் பேனாவை எடுத்துப் பட்டியலில் அடித்து எழுதி, மீண்டும் வாசித்தார். ஷெரின் போய்ப் பேனாவை வாங்கிக்கொண்டு வந்தாள்.

வாசலில் பாப்பச்சன் மறித்தான். "மானம் போச்சு, அளியா."

"இல்லாத பட்டத்துக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தா போயிருக்கும்."

"அப்ப உங்களுக்கு இந்தப் படிப்பு பிடிச்சுப்போச்சா?"

"பிடிக்கல. இப்பவும் பிடிக்கல. ஆனா என் மக எடுத்த முடிவை நீ ஒளிச்சுவெக்க அது திருட்டுச் சரக்கா?"

அவர் ஷெரின் பக்கம் திரும்பினார். குரலில் இன்னும் கடுமை இருந்தது.

"செவ்வாய்க்கிழமை முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

"அஞ்சே முக்காலுக்கு, சாச்சா" என்று அப்பாவுக்குப் பதில் சொன்னாள்.

"நேரத்தோட கிளம்பி நில்லு. எனக்குக் காத்திருந்து பழக்கமில்ல."