உங்கள் தோளைத்தான் பார்ப்பேன்

அக்காவின் கணவர் நடத்தும் கிளினிக்கில் அவள் பிசியோதெரபிஸ்ட். பின்னறையில் உட்கார்ந்து வீடியோ காலில் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பாள். யாரோ ஒரு புண்ணியவான், "மேடம் கண்ணைப் பாத்தே பேசறதில்ல" என்று இணையத்தில் எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டான்.

அத்தான் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார்.

"பேசறப்போ இதைப் பாரும்மா. அவங்க கண்ணைப் பாக்கற மாதிரி இருக்கும்."

"அப்போ அவங்களை எப்படிப் பாக்கறது, அத்தான்?"

"ஓரக்கண்ணால பாத்துக்க."

சம்பளம் கொடுக்கிறவர், அக்கா வீட்டுக்காரர் வேறு. வாயை மூடிக்கொண்டு இரண்டு நாள் ஸ்டிக்கரையே பார்த்தாள். நோயாளிகளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தோளில் ஆபரேஷன் செய்துகொண்ட பஸ் டிரைவர், "இன்னிக்குத்தான் எங்கிட்ட பேசற மாதிரி இருக்கு" என்றார். கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினார். இன்னும் கொஞ்சம் என்றாள். அதற்கும் "ஆச்சு" என்றார்.

மறுநாள் காலையில் அவர் மனைவி கூப்பிட்டார். தோள் வீங்கி, கையை அசைக்கவே முடியவில்லையாம்.

அவள் முந்தைய நாள் பதிவைப் போட்டுப் பார்த்தாள். டிரைவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, உடம்பையே ஒரு பக்கமாகச் சாய்த்துக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் அவள் நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டிக்கரைப் பிய்த்து அத்தானின் மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள்.

"வலிக்குதுன்னு அவர் சொல்லியிருக்கலாமில்ல?"

"பாதிப் பேர் சொல்லமாட்டாங்க, அத்தான். அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்."

"நட்சத்திரம் கொறஞ்சா?"

"கொறையட்டும். வேணும்னா என் நாற்காலியில உங்க போட்டோவை வையுங்க. அது எல்லாரையும் நேராப் பாக்கும்."

சாயங்காலம் அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்ட ஏண்டி அப்படிப் பேசினே?"

"பேசினதுக்கு வருத்தமில்லக்கா. ரெண்டு நாள் பேசாம இருந்ததுக்குத்தான் வருத்தம்."

டிரைவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டாள். அதன்பின் ஒவ்வொரு வீடியோ காலிலும் முதலிலேயே சொல்லிவிட்டாள்: "நான் உங்க கண்ணைப் பாக்கமாட்டேன். எங்க வலிக்குதோ அங்கதான் பாப்பேன்." இரண்டு பேர் வேறு கிளினிக் பார்த்துக்கொண்டார்கள். அத்தான் ஒரு வாரம் உர்ரென்று இருந்தார். ஆனால் அவளைப் போகச் சொல்லவில்லை.

வீக்கம் வற்றியதும் டிரைவர் திரும்ப வீடியோ காலில் வந்தார்.

"எங்க பாக்கறீங்க?"

"உங்க தோளை. சாயாம தூக்குங்க."

கை பாதியில் நின்றது. கொஞ்சம் தயங்கினார்.

"வலிக்குதும்மா."

"சரி, இறக்குங்க. இன்னிக்கு இது போதும்."