மூன்று சுற்றுத் துணி

சேவலுக்குக் கோழிக்கறி படைக்கிற கூட்டம் உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு என்று கொமரலிங்கத்தில் கேலி பேசுவார்கள். அந்தக் கூட்டத்தில் இப்போது மிச்சம் இருப்பது பெரியாத்தாள் ஒருத்திதான். வயது நாற்பத்தாறு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு பீஸில் ஒரே ஒரு தையல் விட்டிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது, வாய்க்கும் தப்பாது.

கொமரலிங்கத்து ஆற்றங்கரையில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. கல்லில் ஓர் ஆள், அவன் இடது கைமேல் ஒரு பறவை. ஊரார் அதைச் சேவல்காரச்சாமி என்பார்கள். சேவல் வைத்திருப்பவர் முருகனை விட்டால் வேறு யார்? ஆகவே அது முருகன், தீர்ந்தது வழக்கு. திருப்பூருக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட்ட நெசவுக் குடும்பங்கள் பங்குனி உத்திரத்துக்குப் பங்குனி உத்திரம் வந்து, எண்ணெயும் சந்தனமும் அப்பி அப்பி, மேலோட்டமான உருவம் தவிர வேறெதுவும் தெரியாமல் பண்ணிவிட்டார்கள்.

ஆனால் முதல் படையல் பெரியாத்தாள் வீட்டுடையது. எந்தக் காலத்திலிருந்து என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு மூத்தவர் இடது கை மணிக்கட்டில் துணியை மூன்று சுற்றுச் சுற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கையாலேயே ஒரு துண்டு பச்சைக் கறியை எடுத்துப் பறவையின் வாயருகே வைக்க வேண்டும். அப்புறம்தான் மற்றவர்களின் பொங்கலும் பஞ்சாமிர்தமும். ஏன் இடது கை, ஏன் துணி என்று அவள் அப்பாவிடம் கேட்டால், "எங்கப்பன் வெச்சான், நான் வெக்கறேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. அன்றிலிருந்து வைப்பது அவள்தான்.

மாசி மாதம் ஒரு நாள் முதலாளி தண்டாயுதபாணி செக்கிங் மேசைக்கே வந்து நின்றார். கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். கழுத்தை அறுப்பதானாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்.

"ஏனுங்க பெரியாத்தா, சாமிக்கு இந்த வருஷம் பித்தளைக் கவசம் சாத்தறமுங்க. அனுப்பர்பாளையத்துல சண்முகவேலுகிட்டச் சொல்லியாச்சு. ஞாயித்துக்கெழமை வந்து, கல்லச் சுத்தமாக் கழுவி அளவெடுக்கறாரு."

"நல்லதுங்க மொதலாளி."

"கவசம் சாத்துனதுக்கப்பறம் அந்தக் கறி வேண்டாமுங்க. முருகனுக்குக் கறி வெச்சா நல்லாவா இருக்குது? அதுவும் பீச்சாங்கையில. சேவலுக்கே கோழிக்கறியான்னு ஊரே சிரிக்குதுங்க. மொதப் படையலக் கமிட்டியே பாத்துக்கும். நீங்க எல்லாரு மாதிரியும் வந்து கும்பிட்டுட்டுப் போங்க."

எல்லாரு மாதிரியும். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. காணி நிலம் கிடையாது. குடியிருப்பது லைன் வீட்டில் வாடகைக்கு. வருஷத்தில் ஒரே ஒரு நாள், காரில் வந்து இறங்குகிறவர்களும் அவள் கை எடுக்கும்வரை காத்து நிற்பார்கள். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இருந்தது அந்த ஒரு முதல்தான். அதற்கும் காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. காரணம் தெரியாத உரிமையை எவ்வளவு நேரம்தான் கையில் பிடித்துக்கொண்டிருப்பது?

மறுநாள் ஓட்டை விழுந்த பீஸ்களைத் திருப்பிக் கொடுக்கக் கட்டிங் பகுதிக்குப் போனாள். தூத்துக்குடிப் பக்கத்துச் சகாயராஜ் அங்கே கட்டிங் மாஸ்டர். அடுக்கி வைத்த துணிமேல் கத்தி மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தான். இடது கையில் இரும்புக் கண்ணி கோத்த உறை. ஆயிரம் தடவை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது.

"ஏப்பா சகாயம், அதென்ன ஒரு கைக்கு மட்டும் உறை?"

"வலது கை மிஷினைப் புடிக்கும், இடது கை துணியப் புடிக்கும். எந்தக் கைக்குக் காயம் வருமோ அந்தக் கைக்குத்தானக்கா உறை. இல்லைன்னா வெரலு போயிரும்லா."

பெரியாத்தாள் பீஸ்களைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். எந்தக் கைக்குக் காயம் வருமோ அந்தக் கைக்கு. சாமிக்கு மரியாதை என்றால் துணியை இடுப்பில் கட்டலாம், தோளில் போடலாம். கையில் சுற்றுவானேன்? சுற்றினால் அந்தக் கைக்கு ஏதோ பயம் இருந்திருக்கிறது. சேவலுக்கா பயம்? அவள் எத்தனை சேவல் வளர்த்திருக்கிறாள். சேவலை எவனும் கைமேல் உட்கார வைக்க மாட்டான், கக்கத்தில்தான் இடுக்குவான். அது கறிக்காக வாயைத் திறந்து காத்திருக்கவும் செய்யாது.

கம்பெனி மொட்டைமாடியில் புறாவை அடித்துப் போட்டுக் கிழித்துத் தின்னும் வல்லூறு அவள் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு நகமும் சாக்கு ஊசி மாதிரி இருக்கும். அதை வெறுங்கையில் ஏந்த முடியாது. யாரோ ஒருத்தன் ஒரு காலத்தில் கையில் துணி சுற்றி அதை உட்கார வைத்திருக்கிறான், பறந்துவிடாமல் காலில் தோல் வார் கட்டியிருக்கிறான், கறி ஊட்டிப் பழக்கியிருக்கிறான், வேட்டைக்குப் பறக்க விட்டிருக்கிறான், அது திரும்பி அவன் கைக்கே வந்திருக்கிறது. அந்த யாரோ ஒருத்தன் அவளுடைய ஆள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சகாயராஜ் மிஷினை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். சண்முகவேல் அண்டாவில் வெந்நீரும் சீயக்காயுமாகத் தயாராக இருந்தார். பெரியாத்தாள் கல்லுக்கு முன்னால் போய் நின்றாள்.

"கழுவறதுக்கு முன்னால ஒரு வார்த்தைங்க. இது சேவல் இல்லீங்க, வல்லூறு. மூக்கு வளைஞ்சிருக்கும். கால்ல வார் கட்டியிருக்கும். அந்த ஆளோட எடது கையில மூணு சுத்துத் துணி இருக்கும். இல்லீன்னா, இனி இந்தப் பக்கம் கறியோட வரமாட்டனுங்க."

தண்டாயுதபாணி கல்லின் உச்சியைக் காட்டினார். "கொண்டை கண்ணுக்கே தெரியுதேங்க."

"கழுவிப் பாக்கலாமுங்க."

சொல்லிவிட்டாளே ஒழிய அவளுக்கே அது நிச்சயம் இல்லை. இந்தக் கல்லின் மேனியை உயிரோடு இருக்கும் யாரும் பார்த்ததில்லை. உள்ளே சேவலே இருந்துவிட்டால் படையலும் போய், வாயும் போய், ஊரும் போய்விடும்.

சந்தனம் கரைந்தது. அடியில் எண்ணெய்ப் பிசுக்கு, அதற்கடியில் இன்னும் பழைய சந்தனம். சண்முகவேல் மரச்சிராயால் மெல்லச் சுரண்டினார். திடீரென்று கொண்டை பொலபொலவென்று அவர் கையோடு வந்துவிட்டது. அது கல் இல்லை, வெறும் சுண்ணாம்பு.

தண்டாயுதபாணி அந்தச் சுண்ணாம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். "அது எங்கப்பா வெச்சதுங்க. கொண்டை ஒடஞ்சு போச்சாட்ட இருக்குதுன்னு சுண்ணாம்புல புடிச்சு வெச்சாரு. சின்ன வயசுல நாந்தான் கொழச்சுக் குடுத்தேன்." மறந்தே போன சங்கதி அது. மறைத்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. மனிதர் மறைக்கவில்லை.

கொண்டைக்கு அடியில் உடைந்த தடம் எதுவும் இல்லை. வழவழவென்ற தட்டைத் தலை. பிறகு மூக்கு வந்தது, கொக்கி போல வளைந்து. பிறகு கால், அதிலிருந்து இறங்கி அந்த ஆளின் விரல் இடுக்கில் நுழையும் வார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? ஆனாலும் கூட்டம் மணிக்கட்டுக்காகக் காத்திருந்தது. சண்முகவேல் வெந்நீரை ஊற்றித் துடைத்தார். ஒரு சுற்று. இன்னும் கொஞ்சம் சுரண்டினார், இரண்டு. அதற்குமேல் பிசுக்கு அசையவில்லை.

"ரெண்டுதானுங்களே" என்று கூட்டத்தில் ஒருவர் இழுத்தார்.

"முழங்கைப் பக்கம் சுரண்டுங்க" என்றாள் பெரியாத்தாள்.

மரச்சிராய் இரண்டு விரற்கடை நகர்ந்தது. மூன்றாவது சுற்று எழுந்து வந்தது. துணியின் முனையை உள்ளே செருகியிருந்த மடிப்பைக்கூடச் சிற்பி விடவில்லை. அவளும் அப்படித்தான் செருகுவாள், அவள் அப்பாவும் அப்படித்தான்.

பெரியாத்தாள் அழுதாள். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று நன்றாகவே அழுதாள். சண்முகவேல் அளவெடுக்கும் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். "இதுக்குமேல கவசம் சாத்துனா என்ற கை வெளங்காதுங்க" என்றார்.

தண்டாயுதபாணி தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ இது முருகன் இல்லீங்களா?"

"முருகனும் வேடனா வந்தவருதானுங்களே. உங்களுக்கு முருகன், எனக்கு என்ற முப்பாட்டன். ரெண்டு பேரும் கும்பிடலாமுங்க."

அந்த வருஷம் பங்குனி உத்திரத்தன்று கல், கல்லாகவே நின்றது. கறித்துண்டோடு பெரியாத்தாள் வந்தபோது கூட்டம் தானாக வழிவிட்டது. முட்டைகூடத் தொடாத தண்டாயுதபாணி முன்னால் வந்து, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துணியை விரித்து, அவள் இடது கையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று தானே எண்ணிச் சுற்றி, கல்லை ஒருதரம் பார்த்துவிட்டு, முனையை உள்ளே செருகினார்.

"இறுக்கமா இருக்குதுங்களா?"

"சரியா இருக்குதுங்க."

அவள் கறியை வல்லூறின் வாயருகே வைத்தாள். வைத்த அந்தப் பீச்சாங்கையை உயர்த்திக் காட்டினாள். அதற்கப்புறம்தான் ஊர் கையெடுத்துக் கும்பிட்டது.