மிச்சமான ஸ்குரூ

வீட்டில் பழுதான பொருள் ஒன்றுகூட இல்லாதது பெரியவளுக்குப் பெரிய அவமானமாகப் போயிற்று. நாலு நாளாகப் பரண், கட்டிலுக்கடி, அடுப்படி அலமாரி என்று எல்லாவற்றையும் குடைந்தாள். அம்மா கைபட்ட வீட்டில் எது உடைந்து கிடக்கும்? காது அறுந்த பைக்குக்கூட அன்றைக்கே காது தைத்துவிடுகிறவள் அம்மா.

பள்ளிக்கூடத்தில் அது ரிப்பேர் வாரம். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புவரை கலந்துகட்டிக் குழு பிரித்திருந்தார்கள். தெருவில் பழுதான பொருள்களைக் கேட்டு வாங்கி வந்து, பிரித்துப் பார்த்து, சரிசெய்து உரியவர்களிடம் திருப்பித் தர வேண்டும். கூடமாட உதவ, தெருமுனையில் கடை வைத்திருக்கும் மோட்டார் ரிப்பேர் அக்கா தன் பெட்டியோடு வந்திருந்தார். பெரியவளின் குழுவில் தையற்காரர் ரேடியோ வந்துவிட்டது, காபிக் கடை மிக்ஸி வந்துவிட்டது, சைக்கிள் கடை மேசைவிளக்கும் வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு, அதிலும் குழுத் தலைவி, வெறுங்கையோடு போனால் அவள் மானம் என்ன ஆவது?

அதனால்தான் அப்பாவின் டேபிள் ஃபேனைத் தூக்கினாள்.

அது நன்றாகச் சுற்றுகிற ஃபேன். ஒரே குறை, இரண்டு வருஷமாகக் கடகட, கடகட என்று சத்தம். "சத்தமும் ஒரு ரிப்பேர்தான்" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். அப்பா பஸ் டிரைவர். விடியுமுன் போய் முதல் வண்டியை எடுப்பவர், மூன்றரைக்கு வந்து அந்த ஃபேனுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் தூங்குவார். அந்தத் தூக்கம் கெட்டால் மறுநாள் அவரை நம்பி உட்காருகிற நாற்பது பேர் கதி என்ன என்று அம்மா சொல்லிச் சொல்லி, அந்த ஃபேன்மேல் யாரும் கைவைப்பதில்லை. மூன்றரைக்குள் அது வீடு திரும்பிச் சுற்றியாக வேண்டும். பெரியவள் கணக்கில் அது ஒரு பிரச்சினையே இல்லை.

தம்பி சின்னவன் ஒன்றாம் வகுப்பு. அவனும் அதே குழு. டீச்சர் வேண்டுமென்றே செய்தாரா, விதியா, தெரியவில்லை.

"வழியில யார் கேட்டாலும் வாயத் திறக்கக்கூடாது" என்றாள் பெரியவள், ஃபேனைப் போர்வையில் சுற்றியபடி.

"கொட்டாவி வந்தா?"

"முழுங்கிடு."

காலையில் எல்லாம் அழகாக நடந்தது. ஒயர் பிடுங்கியிருக்கிறதா என்று அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு நாலு பொருளையும் நாலு மேசையில் பிரித்தார்கள். கழற்றிய ஸ்குரூக்களை அந்தந்த மேசையிலேயே ஒரு தட்டில் போட வேண்டும் என்பது அக்காவின் முதல் சட்டம். ஃபேனின் அடித்தட்டைத் திறந்தபோது எதுவோ 'டிங்' என்று தரையில் விழுந்து உருண்டது. முன்பல் இரண்டும் விழுந்த ஒன்றாம் வகுப்புப் பொக்கைவாய்க்காரி ஓடிப்போய்ப் பொறுக்கித் தட்டில் போட்டாள். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மணி அடித்தது. எல்லாரும் சாப்பிடப் போனார்கள். சின்னதுகள் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டுத் திரும்பின.

அங்கேதான் சனி பிடித்தது. அந்த வாரம்தான் ஒன்றாம் வகுப்பில் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்கும் பாடம். பெரியவள் திரும்பி வந்து பார்த்தபோது நாலு தட்டும் துடைத்துவிட்டதுபோல் இருந்தன. நடு மேசையில் ஒரு முட்டை அட்டை. குழிக்கு ஒன்றாக இருபத்தெட்டு ஸ்குரூக்கள், குட்டியிலிருந்து நெட்டைவரை, துளி பிசகாமல் அடுக்கியிருந்தார்கள்.

"எப்பிடி இருக்கு?" என்று சின்னவன் மார்பை நிமிர்த்தினான்.

பெரியவள் அட்டையின்மேல் குனிந்தாள். மிக்ஸி ஸ்குரூ எது, ரேடியோ ஸ்குரூ எது, அப்பாவின் ஃபேன் ஸ்குரூ எது? மணி ஒன்றரை.

அக்கா அட்டையைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "இத்தன வருஷம் கடை நடத்துறேன். இப்பிடி ஒரு ஒழுங்க நான் பார்த்ததே இல்ல."

"சிரிக்காதீங்கக்கா. மூணரைக்கு எங்கப்பா வந்துடுவாரு."

"வரட்டுமே?"

"அவருக்குத் தெரியாது." பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஃபேன் ரிப்பேரே இல்லக்கா."

அக்கா சிரிப்பை நிறுத்தினார். திட்டவில்லை. "அழுறதுன்னா அப்புறமா அழுதுக்கலாம். முதல்ல ஓட்டைய எண்ணுங்க" என்று திருப்புளியை எடுத்தார்.

மூன்றாம் வகுப்பு ஓட்டைகளை எண்ணியது. ரேடியோவுக்கு எட்டு, மிக்ஸிக்கு ஆறு, விளக்குக்கு நாலு, ஃபேனுக்கு ஒன்பது. நாலாம் வகுப்பு ஆழம் பார்த்தது. ஆனாலும் ஒரே நீளத்தில் பத்துப் பதினொன்று இருந்தால் என்ன செய்வது? எல்லாரும் முழித்துக்கொண்டிருக்கும்போது பொக்கைவாய்க்காரி ஒரு ஸ்குரூவை எடுத்து மூக்கில் வைத்தாள்.

"இது காபி."

"என்னது?"

"காபி வாசம். இது மிக்ஸி. இதுல நூல் சுத்தியிருக்கு, இது தையக்கார மாமாவோடது. இது கருப்பா வழவழன்னு இருக்கு, சைக்கிள் கடை."

அடுக்கும்போது ஒவ்வொன்றையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது அவர்கள்தானே! சின்னவனும் சேர்ந்துகொண்டான். "நம்ம ஃபேனோடது தூசியா இருக்கும். அப்பா சட்டை மாதிரி." ஒன்றாம் வகுப்பு முகர்ந்து சொல்ல, இரண்டாம் வகுப்பு தட்டில் போட, பெரியவள் முடுக்க, மூன்றேகாலுக்கு ஃபேன் எழுந்து நின்றது. சுவிட்சைப் போட்டார் அக்கா.

சத்தமே இல்லை. காற்று மட்டும் ஜிலுஜிலுவென்று வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அட்டையில் ஒரே ஒரு ஸ்குரூ மிச்சமிருந்தது. ஓட்டை இருபத்தேழு, ஸ்குரூ இருபத்தெட்டு. "வீடு இல்லாத ஸ்குரூ" என்று பாவப்பட்டு அதைச் சின்னவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

விளக்கை வாங்க வந்த சைக்கிள் கடைக்காரர் ஃபேனைக் கேரியரில் வைத்து மிதிக்க, பெரியவளும் சின்னவனும் பின்னால் ஓடினார்கள். அப்பா வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்பு ஃபேன் தன் இடத்தில் ஒன்றும் தெரியாததுபோல் நின்றது.

அப்பா வந்தார், குளித்தார், படுத்தார். பெரியவள் மூலையில் உட்கார்ந்து படித்தாள். புத்தகம் தலைகீழாக இருந்தது.

அப்பா புரண்டார். மறுபடி புரண்டார். எழுந்து உட்கார்ந்து ஃபேனை முறைத்தார்.

"இதுக்கு என்ன ஆச்சு?"

"நல்லாத்தானேப்பா சுத்துது."

"அதான் கேக்குறேன். சத்தம் எங்க? கண்ண மூடுனா வண்டி நின்னு போச்சுன்னு கால் தன்னால கிளட்சத் தேடுது!"

இதைப் பெரியவள் எதிர்பார்க்கவில்லை. காலையிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் பொலபொலவென்று கொட்டிவிட்டது. போர்வை, முட்டை அட்டை, காபி வாசம், ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். அழுகையோடு அழுகையாக, "உங்களத் தூங்கவிடாமப் பண்ணிட்டேன்ப்பா" என்றாள். சின்னவன் பையிலிருந்து ஸ்குரூவை எடுத்து நீட்டினான்.

அதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் ஒருமாதிரி ஆனது. வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"இது இன்னுமா இருக்கு? ரெண்டு வருஷம் முந்தி துடைக்கலாம்னு நான்தான் கழட்டினேன். மாட்டி முடிச்சா இது மிச்சம். அம்மாவுக்குத் தெரிஞ்சா தொலைச்சிருவான்னு அடித்தட்டுக்குள்ள போட்டு மூடிட்டேன்."

பெரியவளுக்கு அழுகை பாதியில் நின்றது. இத்தனை நாள் கடகட என்றது அப்பாவின் திருட்டுத்தனமா!

"அங்க ஒயர் ஒண்ணும் கிடையாது, பயப்படாத. உள்ளயே போட்டுருவோம். அம்மா வர்றதுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஃபேனின் ஒயரைப் பிடுங்கிக் கவிழ்த்தார்கள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டபோது அப்பா கட்டிலில் பாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஃபேன் கடகட, கடகட என்றது. குறட்டையும் ஏறியது.

அம்மா பையை இறக்கிவைத்துவிட்டு ஃபேனைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா இந்தச் சத்தத்தக் கேட்டுக் கேட்டு எனக்குத் தல வெடிக்குது. தெருவே பள்ளிக்கூடத்துல குடுத்து ரிப்பேர் பண்ணிக்குதாம். நீங்க ரெண்டு பேரும் அங்கதானே படிக்கிறீங்க? இதக் கொண்டுபோகணும்னு தோணலியா?"

பெரியவள் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். அப்பாவின் குறட்டை இன்னும் சத்தமாக வந்தது.

சின்னவன் அம்மா முன்னால் போய் நின்று உள்ளங்கையை விரித்தான். அதில் புதிதாக ஒரு ஸ்குரூ இருந்தது.

"அம்மா, இப்ப மூடும்போது இது மிச்சமாயிடுச்சு. இதுக்கு வீடு எங்கன்னு அப்பாவக் கேட்டுச் சொல்றியா?"

அப்பாவின் குறட்டை சட்டென்று நின்றது.