மகளிர் நேரம் மூன்றிலிருந்து நான்கு

மாரியம்மன் நகர் மனமகிழ் மன்றத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரம், 1992ஆம் ஆண்டு ஆடி மாதத்திலிருந்து ஒன்பது மணி நேரம் ஓடியது. சுவர்க்கடிகாரத்தில் அது மூன்றில் தொடங்கி நான்கில்தான் முடிந்தது. வெளியே வண்டியூர்த் தெப்பக்குளத்துச் சாலையிலும் ஒரு மணி நேரம்தான் போனது. உள்ளே இருந்த பெண்களுக்கு மட்டும் ஒன்பது. கடிகாரம் ரிப்பேராக இருக்குமென்று கழற்றிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அதில் ஒரு கோளாறும் இல்லை.

மன்றத்துக்குப் பிளான் போட்டுக் கட்டியவர் அனந்தபத்மநாபன். பொதுப்பணித்துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மன்றத்தின் தலைவரும் அவரே. மனுஷன் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். காற்று வருகிற பக்கம் பார்த்து ஜன்னல், பந்து தெறித்தாலும் உடையாதபடி விளக்குகளுக்குக் கம்பிவலை, ஒவ்வொரு கேரம் பலகைக்கு மேலும் தனியாகத் தொங்கும் பல்பு, பேப்பர் படிக்கிறவர்களுக்கு ஓர் அறை, சைக்கிளுக்குக் கொட்டகை என்று எல்லாம் யோசித்தார். அந்த நகரில் பெண்களும் குடியிருக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்கு மறந்துபோனது. திறப்பு விழாவில் வரிசையாக வந்து உட்கார்ந்த புடவைகளைப் பார்த்த பிறகுதான் மனிதருக்குச் சுருக்கென்றது. கமிட்டி அவசரமாகக் கூடி, ஆண்கள் ஆபீசிலும் தூக்கத்திலும் இருக்கிற நேரமாகப் பார்த்து மூன்றிலிருந்து நான்கு வரை பெண்களுக்கு விட்டது. நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், பின்னாலேயே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும், கூடக் கொடுத்தாலும் எந்தப் பெண் இருக்கப்போகிறாள் என்று கமிட்டியே பேசி முடித்துக்கொண்டது. அந்த நேரத்துக்குச் சாவியும் பொறுப்பும் ஹம்சவேணியிடம் வந்தன. ஜவுளிக்கடை கோகுல்நாத்தின் மனைவி. அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தாள், கணவரைவிட மூன்று வயது சின்னவள், வாய் கொஞ்சம் நீளம்.

முதல் வாரம் பக்கத்து வீட்டு வசுந்தராவோடு சேர்த்து நாலைந்து பேர் வந்தார்கள். பூட்டைத் திறந்து, பலகையைத் துடைத்து, பவுடர் தூவி, யாருக்கு யார் ஜோடி என்று சண்டை போட்டு முடிப்பதற்குள் மணி நாலாகிவிட்டது. தினமும் இதே கூத்து. ஹம்சவேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காயை அடுக்குறதுக்கே நேரம் சரியாப் போகுது, இதுக்கு மன்றம் ஒண்ணுதான் கேடு" என்று ஒரு செவ்வாய்க்கிழமை கதவை உள்பக்கமாகப் படாரென்று தாழ் போட்டாள். அன்றைக்கு ஆடினார்கள், ஆடினார்கள், ஆடிக்கொண்டே இருந்தார்கள். வெளியே போன பஸ்ஸின் ஹாரன், வசுந்தரா சிவப்புக் காயைக் குறிபார்த்து அடித்துப் பைக்குள் தள்ளும் வரைக்கும் இழுத்தது. தரையில் விழுந்த வெயில் இருந்த இடத்தைவிட்டு அசைய யோசித்தது. மத்தியானச் சோறு ஜீரணமாகி எல்லோருக்கும் நல்ல பசி எடுத்தபோது நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. பேய் வேலை என்று ஒருத்தி ஆரம்பித்தாள். "பேய்னா நேரத்தைத் தின்னும்டி, கொடுக்காது" என்றாள் வசுந்தரா. பேச்சு அத்தோடு முடிந்தது. மறுநாளிலிருந்து தூக்குவாளியில் புளியோதரை கொண்டுவந்தார்கள்.

அந்த நேரத்தை ஹம்சவேணி நடத்திய அழகே தனி. முதலில் ஆட்டம், பிறகு சாப்பாடு, பிறகு அவரவர் இஷ்டம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைப் பந்து ஆடினார்கள். கொட்டகையில் கிடந்த சைக்கிளை உள்ளே கொண்டுவந்து கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டப் பழகினார்கள். தெப்பக்குளத்து மேற்குக் கரையில் இட்லிக்கடை போட்டிருந்த செல்லத்தாய் ஒருநாள் வாசலில் வந்து நின்று, "ஆடுறதுக்கு வரல தாயி, சும்மா கொஞ்சம் கெடந்துட்டுப் போறேன்" என்றாள். உறுப்பினர் அல்லாதவர்களைச் சேர்க்கக் கூடாது என்று விதி இருந்தது. ஹம்சவேணி ஜன்னலோரம் பாயை விரித்துக் கொடுத்தாள். விடியுமுன்னே எழுந்து அடுப்பு மூட்டுகிற செல்லத்தாய், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகத் தூக்கம் போதும் என்று தானாகவே கண் விழித்தாள். விழித்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

ஆண்களுக்கு விஷயம் தெரிய நான்கு வருஷம் ஆனது. பொங்கல் போட்டியில், மாவட்ட அளவில் கோப்பை வாங்கிய ஹரிஷ்குமாரை வசுந்தரா மேஜைப் பந்தில் ஓட ஓட விரட்டினாள். தினமும் ஒரு மணி நேரம் ஆடுகிறவளுக்கு இந்தக் கை எப்படி வந்தது என்று கமிட்டி துருவித் துருவிக் கேட்டது. அவள் மறைக்காமல் சொல்லிவிட்டாள். உடனே மூன்றிலிருந்து நான்கை ஆண்கள் எடுத்துக்கொண்டு, காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டைப் பெண்களுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆண்களுடைய மூன்று மணி, நாலு கொட்டாவியோடு நாலு மணியானது. பெண்களுடைய பதினொன்று வழக்கம்போல ஒன்பது மணி நேரம் ஓடியது. ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பழைய நேரத்தையே திருப்பிக் கொடுத்தார்கள். அடுப்படி வேலை கெடுகிறது என்று வீட்டிலும் முணுமுணுப்பு வந்திருந்தது.

நேரம் சும்மா வரவில்லை. அது உடம்பில் ஏறியது, மூன்று வருஷத்துக்கு ஒரு வருஷம் கூடுதலாக. ஹம்சவேணிக்குக் காதோரம் நரைத்தது, பிறகு உச்சியில் நரைத்தது, வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்தது. கோகுல்நாத் ஆரம்பத்தில் அவளை "அக்கா" என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மாடிப்படியில் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததிலிருந்து சிரிப்பு நின்றுபோனது. 1999இல், மகளிர் நேரத்தை அடியோடு மூடவேண்டும் என்று அந்தப் பெண்களின் வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பொதுக்குழுவைக் கூட்ட வைத்தார்கள். கூட்டத்தில் எழுந்து நின்றவர் கோகுல்நாத்தான். வீட்டில் அவர்கள் சண்டை எப்போதும் சௌராஷ்டிர மொழியில் நடக்கும், தெருவுக்குப் புரியாது. அன்றைக்கு எல்லோருக்கும் புரியவேண்டும் என்று தமிழில் சொன்னார்.

"எனக்கு முன்னாடி இவ கிழவியாகிட்டு வாரா சார். எனக்கு முன்னாடி போயிருவா. நான் தனியா என்ன பண்றது? நேரத்தை நிப்பாட்டுங்க."

கோகுல்நாத் மேல் ஹம்சவேணிக்கு அன்றைக்கு வந்த பிரியம் அதற்கு முன் எப்போதும் வந்ததில்லை. ஆனாலும் எழுந்து நின்றாள்.

"வயசு அடுப்படியில நின்னாலும் போகத்தான் சார் செய்யுது. அங்க போனது எம்புட்டுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. இங்க போனது ஒவ்வொரு நாளும் எனக்கு ஞாபகம் இருக்கு. இதை எடுத்துட்டா நான் அவரோடதான் இருப்பேன், நூறு வயசு வரைக்கும் இருப்பேன். ஆனா இருந்தேன்னு எனக்குத் தெரியாது."

செல்லத்தாய் வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். "தூங்குனதுதான் சாமி நான் செஞ்ச குத்தம். அதையும் புடுங்கிப்புடாதீங்க" என்றாள்.

கைதூக்கச் சொல்லுங்கள் என்று ஆண்கள் சத்தம் போட்டார்கள். அனந்தபத்மநாபன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "பிளான் போடும்போதே நான் இவங்களை விட்டுட்டேன். இவங்களா ஒண்ணு கட்டிக்கிட்டாங்க. அதை இடிக்கிறதுக்கு என்னால கையெழுத்துப் போட முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தலைவர் இல்லாமல் வாக்கெடுப்பு செல்லாது. அந்தக் கூட்டம் பிறகு கூடவே இல்லை. கோகுல்நாத் மாதக்கணக்கில் மனைவியோடு பேசவில்லை. கடையைச் சாத்திக்கொண்டு வந்து, சாப்பிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தார். அவள் மன்றத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. ராத்திரி அவருக்குக் கால் பிடித்துவிடுவதையும் நிறுத்தவில்லை. பேச்சு எப்போது திரும்பி வந்தது என்று இருவருக்குமே சொல்லத் தெரியாது.

வருஷங்கள் போயின. வண்டியூர் வரைக்கும் வீடுகள் வந்தன, மன்றத்தில் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது, வெள்ளிக்கிழமைகளில் அழகர்கோவில் பக்கத்திலிருந்துகூடப் பெண்கள் பஸ் பிடித்து வந்து போனார்கள். 2006இல், மன்றத்துக் கணக்கையும் சேர்த்து, ஹம்சவேணிக்கு அறுபது முடிந்தது. கோகுல்நாத்துக்கு அப்போது ஐம்பத்தெட்டு. அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறிக்கப் போனபோது, வீட்டுக்காரருக்கு அறுபது முடிந்தால்தான் சாந்தி செய்வது வழக்கம், சம்சாரத்தை வைத்துச் செய்ய எந்தப் பஞ்சாங்கத்திலும் இடமில்லை என்று புரோகிதம் செய்யும் வாத்தியார் கையை விரித்தார்.

"அறுபதுக்கு மொதல்ல அவதான் சாமி வந்திருக்கா" என்றார் கோகுல்நாத். "அவளுக்குச் செய்யுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

மன்றத்துக் கூடத்திலேயே செய்தார்கள். மேஜைப் பந்து மேஜைகளை ஓரமாக நகர்த்திவிட்டு ஹோமம் வளர்த்தார்கள். கலசத்து நீர் ஊற்றி, ஈரப் புடவை மாற்றி, ஹம்சவேணி மணையில் வந்து உட்கார்ந்ததும், அவளைவிட இளையவர்கள் விழுந்து கும்பிட வரிசையில் நின்றார்கள். வசுந்தரா விழுந்தாள், ஹரிஷ்குமார் விழுந்தார். கோகுல்நாத் பக்கத்து மணையிலிருந்து மெதுவாக எழுந்தார், அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டார், வரிசையின் கடைசியில் போய் நின்றார். முறை வந்ததும் விழுந்தார். "எனக்கப்புறம் ரொம்ப நாள் இருக்கணும்" என்று அவள் அவர் தலையில் அட்சதை போட்டாள். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சின்னவர் பெரியவர் காலில் விழுவதில் சிரிக்க என்ன இருக்கிறது?