வெள்ளையாய்ப் போன தண்ணீர்

“நேத்தும் வெள்ளையாத்தான் போச்சு கலா.”

“ரப்பர் பால் பெக்டரியில செவப்பாவா போகும்?”

“சிரிக்காத. திங்கக்கெழம சுற்றாடல் ஆளுங்க வந்து போத்தல்ல தண்ணி புடிச்சிட்டுப் போவாங்க. அப்பவும் இப்பிடி இருந்தா என்னைய நிப்பாட்டிருவேன்னு பெக்டரி ஐயா சொல்லிட்டாரு.”

விஜயகலா பால் வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வெளியே வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. திரும்பி நின்று, “நிப்பாட்டுனா என்ன, வாங்க, சேந்து மரம் வெட்டலாம்” என்றாள். அவள் புருசன் கிருஷ்ணகுமாருக்கு அதுதான் பயம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து பெக்டரிக்குள் வேலை கிடைத்துப் போனவன் அவன் ஒருவன்தான். மரத்தைக் கீறிப் பால் எடுக்க ரப்பர்க் காட்டுக்குத் திரும்பினால் எல்லோரும் சிரிப்பார்கள். முதலில் சிரிப்பவள் இவளாகத்தான் இருப்பாள்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கிறது அந்த ரப்பர் தோட்டம். பெக்டரியில் பாலுக்கு அசிட் ஊற்றி உறைய வைப்பார்கள். மிஞ்சுகிற தண்ணீர் கிருஷ்ணகுமாரின் மிசினுக்கு வரும். காற்றை அழுத்திக் கரைத்த தண்ணீரை மிசின் அடியிலிருந்து தொட்டிக்குள் விடும். பொடிப்பொடியாய்க் குமிழி கிளம்பி, தண்ணீரில் கிடக்கும் ரப்பர்த் தூளையெல்லாம் மேலே தூக்கி வந்து நுரையாக நிறுத்தும். அதை வழித்து எடுத்துவிட்டால் அடியில் இருப்பது தெளிந்த தண்ணீர். அது ஓடைக்குப் போகும். ஓடைக்குக் கீழே சிங்களக் கிராமம். கொஞ்ச நாளாக நுரை கட்டவில்லை. வெள்ளைத் தண்ணீர் அப்படியே ஓடைக்குப் போனது. கிராமத்து ஆட்கள் பெக்டரி கேட்டுக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள்.

மிசினைப் பார்க்க வரக்காப்பொலவிலிருந்து மெக்கானிக் நிஸார் வந்தார். வந்ததும் அழுத்தம் பார்த்தார், காற்றுக் குழாயைக் கழற்றி ஊதினார், ஒரு கண்ணாடிக் கிளாஸில் குமிழித் தண்ணீரைப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கினார்.

“தம்பி, குமிழி பஞ்சு மாதிரி ஈக்கிது. மிசின்ல ஒரு கொறையும் இல்ல.”

“அப்ப ஏன் நிஸார் நானா, நுரை எழும்பல?”

“எழும்ப அதுல தூள் ஈக்கணுமே! இது தூளில்ல, பாலு. பால் உறையாமலே வருது. உறையாத பால எந்தக் குமிழியும் தூக்காது. அமோனியா கூடிப் போச்சி போல. எங்க போடுறாங்க?”

காட்டில்தான் போடுவார்கள். வெட்டிய பால் வழியில் கட்டிப்படாமல் இருக்க, ஆளுக்கொரு சின்னப் போத்தல் அமோனியா கொடுத்திருந்தார்கள். தோட்டத்தின் மேல், கீழ் இரண்டு டிவிசன் பாலையும் வேறுவேறு தட்டில் ஊற்றி, ஒரே அளவு அசிட் விட்டுப் பார்த்தார் நிஸார். கீழ் டிவிசன் பால் கெட்டியாக உறைந்தது. மேல் டிவிசன் பால் உறைந்தும் உறையாமல் கலங்கி நின்றது.

கிருஷ்ணகுமார் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். விஜயகலா வெட்டுவது மேல் டிவிசனில்.

பெக்டரி ஐயா சேனாரத்ன வந்தார். “மொகத, என்ன இது? மிசின் பிழையா, இவன் பிழையா?”

“ரெண்டும் இல்ல மாத்தயா. பால்ல அமோனியா கூடிப் போச்சி” என்றார் நிஸார்.

“யாரு பால்?”

நிஸார் வாயைத் திறப்பதற்குள் கிருஷ்ணகுமார் முந்திக்கொண்டான். “மேல் டிவிசன் பாலுங்க ஐயா. பால் ஏத்துற பவுசர் அங்க மத்தியானத்துக்கு அப்பறந்தான் போகுது. அது வரைக்கும் பால் கட்டிப்படாம இருக்கணும்னு அவங்க அமோனியாவக் கூட்டி ஊத்திர்றாங்க. பவுசர நேரத்துக்கு அனுப்பினா…”

“ஹரி, ஹரி, சரி. பவுசர் பெரிய துரை வேலை. அமோனியா என் வேலை.”

மறுநாள் மேல் டிவிசனில் அமோனியாப் போத்தல்களைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். பவுசர் மட்டும் பழைய நேரத்துக்கே போனது.

மிசின் நுரை கட்டியது, அப்பம் மாதிரி தடிப்பாக. திங்கட்கிழமை வந்தவர்கள் தெளிந்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சேனாரத்ன அவன் தோளில் தட்டி, “நல்ல பையன்” என்றார்.

மேலே பால் நிறுக்கும் கொட்டிலில் வெயில் ஏற ஏற வாளிகள் கட்டிப்பட்டன. கட்டிப்பட்ட பாலுக்கு ஒட்டுப்பால் விலைதான், கழிவு ரப்பருக்குக் கொடுக்கிற அற்ப விலை.

“கலா, ஒங்க வீட்டுக்காரருக்கு மெடல் குடுத்தாங்களாமே?” என்று கேட்டாள் சின்னம்மா. பக்கத்து மரவரிசைக்காரி அவள்.

“மெடலா? ஒங்க வாளியிலயுந்தான் இருக்கு. கையை விட்டு எடுத்துப் பாருங்க.”

“எங்களச் சொன்னா சரி. கட்டுன பொஞ்சாதியையுமா காட்டிக் குடுப்பான் ஒரு மனுசன்?”

விஜயகலா உறைந்த பாலை வாளியிலிருந்து பிய்த்துத் தராசில் போட்டாள்.

சாயங்காலம் கிருஷ்ணகுமார் வீட்டுக்கு வந்தபோது அவள் கைவிரல்களில் ஒட்டியிருந்த ரப்பரை உரித்துக்கொண்டிருந்தாள்.

“சோறு இருக்கா?”

“இருக்கு. மிசின் எப்பிடி?”

“நல்லா இருக்கு.”

“தண்ணி?”

“தெளிவா இருக்கு. நான் பவுசரப் பத்தியும் சொன்னேன் கலா. சத்தியமாச் சொன்னேன்.”

“சொன்னீங்க. எத மொதல்ல சொன்னீங்க?”

அவன் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“வேல போயிருந்தா என்ன பண்ணியிருப்போம், சொல்லு.”

“ரெண்டு பேரும் மரம் வெட்டியிருப்போம். இப்ப நான் மட்டும் வெட்டுறேன், அதுவும் ஒட்டுப்பாலுக்கு.” விரலில் கடைசியாக மிஞ்சியிருந்த ரப்பர்த் தோலை உரித்து வாசலில் எறிந்தாள். “ஒண்ணு செய்யிங்க. நாளைக்கு நீங்க வாளியத் தூக்கிட்டு மலைக்குப் போங்க. ஒங்க மிசின நான் பாத்துக்கிறேன். தண்ணி வெள்ளையா வந்தா யாரு பேரச் சொல்லணும்னு எனக்கும் இப்பத் தெரியும்.”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவள் எழுந்து போய், இருந்த குழம்பை அவன் தட்டில் ஊற்றினாள்.