கடைசியாகக் கடக்கும் மரியாதை

ருஷ்யாவிலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தோம். எங்கள் அதிகாரிகள் அதைப் ‘பின்வாங்கல்’ என்பார்கள்.

பாலம் நாங்கள் போட்டது. வீடுகளைப் பிரித்தெடுத்த மரம். ஆற்றில் மார்பளவு பனித் தண்ணீரில் நின்று முட்டுக்கால் நட்டோம். இரண்டு நாளாக என் விரல்கள் எனக்குச் சொந்தமில்லை. எதிரி கடக்காதபடி காலை ஒன்பது மணிக்கு அதைக் கொளுத்துவதும் என் வேலைதான்.

எதிரி துரத்தி வரும் அக்கரையில் எங்கள் காயம்பட்டவர்களின் வண்டிகள் நின்றன. முதல் வண்டியில் ஓடிலோன், என் மனைவியின் தம்பி. கால் நசுங்கியிருந்தது. அணியில் நிற்கும் படைகள் கடந்த பிறகுதான் வண்டிகள் என்று உத்தரவு. மிச்சம் இருந்தவை இரண்டே ரெஜிமென்ட். மணி எட்டு. தாராளமாக நேரம் இருந்தது.

ஆனால் எங்கள் ராணுவத்தில் முன்னேறும்போது முதலில் போவது மரியாதை, பின்வாங்கும்போது கடைசியில் போவது மரியாதை. ஒரு ரெஜிமென்டின் கர்னல் வெர்த்துய், மற்றதன் கர்னலைத் தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

“தாங்கள் முன்னாடி போகணும்.”

“அது எப்படி! நீங்கதான் மூத்தவர், நீங்க போங்க,” என்றார் கர்னல் தஸ்கார்.

“மூத்தவன்கிறதாலதானய்யா கடைசியில வர்றேன்!”

“எங்க ரெஜிமென்ட் நூறு வருஷமா யாருக்கும் முன்னாடி ஓடினதில்ல.”

அரைமணி நேரம் இப்படியே போனது. நான் பாலத்தின் மறுமுனைக்கு ஓடினேன்.

“ஐயா, வண்டிகளையாவது முதல்ல விடுங்க.”

“அணிதான் முதல்ல. உத்தரவு தெரியாதா?” என்றார் வெர்த்துய்.

“அப்ப எப்படியும் கடைசியில வர்றது வண்டிதானே, ஐயா?”

“காயம்பட்டவங்க கணக்குல வரமாட்டாங்க, சார்ஜன்ட்.”

வண்டியிலிருந்து ஓடிலோன் கத்தினான்: “மச்சான், ரெண்டு பேரையும் சீட்டுக் குலுக்கிப் போடச் சொல்லு!”

சிப்பாய்கள் சிரித்தார்கள். கர்னல்கள் சிரிக்கவில்லை. கடைசியில் சமாதானம் ஆயிற்று. இரண்டு ரெஜிமென்டும் பக்கத்துக்கொரு வரிசையாக, கர்னல்கள் இருவரும் எல்லோருக்கும் பின்னால், கைகோத்து, ஒரே சமயத்தில் காலெடுத்து வைத்து. கல்யாண ஊர்வலம் கூட இதைவிட வேகமாகப் போகும்.

அவர்கள் இக்கரை மண்ணை மிதித்தபோது மணி ஒன்பது. எதிரிக் குதிரைப்படை மேட்டிலிருந்து இறங்கியது. பாலத்தின் நடுவில், வைக்கோலும் தாரும் குவித்த இடத்தில், நான் பந்தத்தோடு நின்றேன்.

“கொளுத்து,” என்று கரையிலிருந்து கத்தினார் எங்கள் கேப்டன்.

“ஐயா, ஒரே ஒரு வண்டி…”

“கொளுத்துய்யா!”

கொளுத்தினேன். ஓடிலோனின் வண்டிச் சக்கரம் அப்போதுதான் முதல் பலகையில் ஏறியது. அவன் என்னைப் பார்த்தான்.

“நல்லா எரியவிடு, மச்சான். இங்க குளிருது.”

திரும்பி நடந்தேன்.

கரையில் கர்னல்கள் காத்திருந்தார்கள். “நீ பார்த்துட்டுதானே இருந்த, சார்ஜன்ட்? யார் கால் கடைசியா பலகையை விட்டுச்சு?” என்று கேட்டார் வெர்த்துய்.

“என் கால், ஐயா.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாலம் போடறவங்க கணக்குல வரமாட்டாங்க,” என்றார் தஸ்கார். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் ஒத்துப்போனார்கள்.

எரியும் பாலத்தின் பக்கம் கைகளை நீட்டினேன். எல்லோரும் நீட்டினார்கள். எனக்குச் சூடு தெரியவில்லை.